பிறக்காத கொசுவின் கணக்கு

மைன்கிராஃப்ட் விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புகளில் ஃபாரஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. அதில் தேனீ வளர்க்கலாம். காட்டில் கிடைக்கும் கூட்டைக் கலைத்து ஓர் இளவரசியையும் ஓர் ஆண் தேனீயையும் கொண்டுவந்து பெட்டியில் வைத்தால், இரண்டும் கூடி ராணியாகும். ராணியின் ஆயுள் முடிந்ததும் மறுபடி ஓர் இளவரசியும் சில ஆண்களும் கையில் மிஞ்சும். காட்டுத் தேனீயையும் புல்வெளித் தேனீயையும் கலந்தால் எப்போதாவது ஒருமுறை புதிய இனம் தலைகாட்டும். ஆயுள், வேகம், கருவளம் என்று ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு மரபணு வடிவங்கள். ஒன்று வெளியே தெரியும், மற்றது உள்ளே பதுங்கியிருக்கும். பகுப்பாய்வுக் கருவியில் ஒரு துளித் தேனைச் செலவழித்தால்தான் உள்ளே இருப்பது என்னவென்று படிக்க முடியும். இதோடு ஜென்டஸ்ட்ரி என்ற தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால் இயந்திரங்கள் வந்துவிடுகின்றன. ஒன்றில் தேனீயைப் போட்டால் அதன் குணங்களில் ஏதோ ஒன்று மாதிரியாக வெளியே வரும்; தேனீ போய்விடும். இன்னொன்று, தேவைக்கு மேல் சேர்ந்துவிட்ட ஆண் தேனீக்களைத் திரவமாக்கித் தொட்டியில் நிரப்பும். தொடக்கத்தில் ஒவ்வோர் ஆண் தேனீயையும் பெட்டியில் பத்திரப்படுத்தி வைக்கும் ஆட்டக்காரர், இயந்திரம் கைக்கு வந்த பிறகு அவற்றை எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. திரையில் உயிர் எதுவும் இல்லை, ஆகவே பாவமும் இல்லை. ஆனால் ஒரு பார்வை பழகிவிடுகிறது. உயிர் என்பது குணங்களின் பட்டியல். வேண்டிய குணத்தை எடுத்துக்கொண்டபின் மிச்சமெல்லாம் கச்சாப்பொருள்.

அந்தப் பார்வைக்கு நிஜ உலகில் ஒரு முகவரி கேட்டால் சிங்கப்பூரில் அங் மோ கியோவைக் காட்டலாம். அங்குள்ள டெக்பிளேஸ் 2 தொழிற்கூடத்தில் 2019 டிசம்பரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஒரு கொசு வளர்ப்பு நிலையத்தைத் திறந்தது. வாரத்துக்கு 50 லட்சம் ஆண் ஏடிஸ் கொசுக்கள் வரை உருவாக்கக்கூடிய இடம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அங்கே வளர்க்கப்படும் ஆண் கொசுவின் உடலில் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் இருக்கிறது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத வெளிப் பெண்ணோடு கூடினால் பெண் இடும் முட்டைகள் பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது. செடிச் சாறு குடித்தே வாழும். 2016 அக்டோபரில் பிராடெல் ஹைட்ஸ், நீ சூன் ஈஸ்ட், தெம்பனிஸ் வெஸ்ட் ஆகிய மூன்று வட்டாரங்களில் சிறிய அளவில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் மேல்மாடிகளிலும் குழாயைத் திறந்து கொசுக்களை வெளியேற்றும் ஊழியர்களைப் பல பேட்டைகளில் பார்க்க முடிந்தது. ஆய்வுப் பகுதிகளில் ஏடிஸ் இஜிப்தி கொசு 98 விழுக்காடு வரையிலும், டெங்கி 88 விழுக்காடு வரையிலும் குறைந்ததாக வாரியம் தெரிவித்திருக்கிறது. 2020இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியில் விழுந்த ஊர் இது. அந்த விழுக்காடுகளுக்குப் பின்னால் மருத்துவமனைப் படுக்கைகள் இருக்கின்றன, இறப்புகளும் இருக்கின்றன.

கொல்லாமையை அறமாகச் சொல்லும் மரபில் வந்தவர் இந்தத் திட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது? சிராங்கூன் சாலையில் காலை வேளையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொசுவுக்கெல்லாமா அறம் பார்ப்பது என்பார்கள். ஆனால் தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது தும்பியை நான்கறிவு உயிராக வைக்கிறது. புல்லும் மரமும்கூட ஓரறிவு பெற்ற உயிர்கள்தான். பூச்சிக்குக் கணக்கே கிடையாது என்று சொல்லும் மரபல்ல இது. திருக்குறள் கொல்லாமைக்கென்று தனி அதிகாரம் ஒதுக்கியபோது கொசுவுக்கு விலக்கு எழுதி வைக்கவில்லை. எனவே கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தைக் கொல்லாமை என்று பாராட்டுவதும் தவறு, படைப்பில் கைவைப்பது என்று பழிப்பதும் தவறு. இது கொலைதான், ஒப்புக்கொண்டு கணக்கு வைக்கவேண்டிய கொலை. அப்படி ஒரு கணக்கை வைத்துக்கொள்ள நம் மரபில் இடமும் முறையும் ஏற்கெனவே இருக்கின்றன.

படைப்பில் கைவைப்பது என்ற பழியை முதலில் ஒதுக்கிவிடலாம். அது நீண்ட நேரம் நிற்கக்கூடிய வாதமல்ல. பஃபலோ சாலைப் பூக்கடைகளில் மாலை கட்டுபவரின் தட்டைப் பாருங்கள். மல்லிகைக்கும் செவ்வந்திக்கும் நடுவே ஊதா நிற ஆர்க்கிட் கிடக்கும், காம்பு நறுக்கி, இதழ் விரிந்து, நார் கோப்பதற்குத் தயாராக. அந்த ஆர்க்கிட் பெரும்பாலும் மனிதர் கலப்பு செய்து உருவாக்கியது. பக்கத்தில் இருக்கும் துலுக்கச் சாமந்தியின் பூர்வீகம் மெக்சிகோ. சிங்கப்பூரின் தேசிய மலரே ஒரு கலப்பினம்: 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் தோட்டத்தில் அறியப்பட்டு, 1981இல் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம். கலப்பினப் பூவை அம்மன் கழுத்தில் சாத்தக்கூடாதென்று எந்த அர்ச்சகரும் தடுத்ததில்லை. சைவ சித்தாந்தத்தின்படி பார்த்தாலும் உயிர் படைக்கப்படுவதில்லை. அது என்றும் உள்ளது. படைப்பு என்பது உயிருக்கு அதன் வினைக்கேற்ற உடலைக் கூட்டுவது. மனிதர் இரண்டு செடியையோ இரண்டு பூச்சியையோ சேர்த்து வைப்பதால் அந்த வேலை இறைவனிடமிருந்து பறிபோய்விடாது. மரபியலின் அடிப்படை விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்ட மெண்டல் ஒரு கிறிஸ்துவத் துறவி, தேனீயும் வளர்த்தார். மடத்துத் தோட்டத்தில் செய்த கலப்பு அவருடைய துறவைக் கெடுத்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கடினமாகப்படுவது எதிர்த்திசையிலிருந்து வரும் பேச்சு. புகையடித்துக் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல், ஒரு கொசுவையும் கொல்லாமல் வெறுமனே பிறக்காமல் செய்கிறோம், அகிம்சைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் உண்டா என்று கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலையத்தின் உள்ளே நடப்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தால் அப்படிப் பேச வராது. தட்டுத்தட்டாக நீர், அதில் இயந்திரம் எண்ணிப் போட்ட புழுக்கள். புழு கூட்டுப்புழுவாகும் பருவத்தில் ஆண் சிறியது, பெண் பெரியது. அந்த அளவு வேறுபாட்டை வைத்தே சலித்துப் பிரிக்கிறார்கள். ஆணுக்கு வெளியே போகும் வழி. பெண்ணில் அடுத்த தலைமுறைக்குத் தேவையான பங்கு மட்டும் உள்ளே நிற்கும், அதற்கு விலங்கு ரத்தம் ஊட்டப்படும், மற்றவை அழிக்கப்படும். முட்டையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி. அப்படியென்றால் வெளியே பறக்கும் ஒவ்வோர் ஆணுக்கும் பின்னால், பறக்காத ஒரு பெண் இருக்கிறது. இவ்வளவு சலித்தும் தப்பிப்போகும் ஓரிரு பெண்கள் வெளியே இனம் பெருக்கிவிட்டால் திட்டமே குலைந்துவிடும் என்பதற்காக, அவை மலடாகும் அளவுக்கு எக்ஸ்ரே கதிரும் பாய்ச்சுகிறார்கள். இத்தனையும் அறிந்த பிறகு கொல்லவில்லை என்று சொல்வது நாக்குக் கூசாமல் சொல்லக்கூடியதல்ல.

வெளியே நடப்பதும் அவ்வளவு சுத்தமான பிறவாமை அல்ல. வோல்பாக்கியா உள்ள ஆணின் விந்து முட்டையோடு சேரத்தான் செய்கிறது. கரு தன் முதல் பிளவைத் தொடங்கும்போது தந்தை வழி வந்த குரோமோசோம்கள் தாயினுடையவற்றோடு ஒத்திசைந்து பிரியத் தவறுகின்றன. கரு அங்கேயே நின்றுபோகிறது. இதைப் பிறவாமை என்பதா, பிறந்தவுடன் இறப்பு என்பதா? மனிதக் கருவைப் பற்றி இதே கேள்வி எழுந்தபோது சிங்கப்பூர் மிகுந்த கவனம் காட்டியது. 2000இல் அமைக்கப்பட்ட உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழு, குருத்தணு ஆய்வு பற்றி மதக் குழுக்களிடமும் கருத்துக் கேட்டது. 14 நாள் கடந்த கருவில் ஆய்வு கூடாதென்ற வரம்பை 2002 அறிக்கையில் பரிந்துரைத்தது. கொசுக் கருவுக்கு அப்படி ஒரு வரம்பு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது மனிதக் கருவையும் மதிக்காத செயல். ஆனால் தொடக்கம் எது, முடிவு எது என்பது சிறிய உயிரில் மட்டும் தானாகத் தெளிந்துவிடுவதில்லை. காரைக்கால் அம்மையார் தொடங்கி நம் அடியார்கள் பலரும் இறைவனிடம் பிறவாமையை வரமாகக் கேட்டவர்கள். அந்த வழக்கை இங்கே கொண்டுவந்து கொசுவுக்கும் நாம் வரம் கொடுக்கிறோம் என்று வாதாடுபவர் இருக்கக்கூடும். தான் கேட்டுப் பெறுவதுதான் வரம். பிறவி வேண்டாமென்று மனமுருகிக் கேட்கும் உரிமை பிறந்தவருக்கு உண்டு. அதை அடுத்தவர் மேல் சுமத்தினால் அதன் பெயர் வேறு.

சரி, கொலை என்றே வைத்துக்கொள்வோம், எண்ணம் நல்லதாக இருந்தால் போதாதா? இந்தியச் சிந்தனையில் இது மிகப் பழைய வழக்கு. பாலி மொழி மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்றொரு உரையாடல் இருக்கிறது. உடலால் செய்யும் தீங்கே பெரிது என்பது அங்கே சமணர் தரப்பு. மனத்தால் செய்வதே பெரிது என்பது புத்தர் தரப்பு. நடந்துபோகும்போது காலடியில் அறியாமல் சிற்றுயிர்கள் சாகின்றனவே, அதற்கு உங்கள் ஆசான் என்ன சொல்கிறார் என்று புத்தர் கேட்கிறார். எண்ணாமல் செய்தது பெரிய குற்றமல்ல என்று சமணர் தரப்பில் வாதாட வந்த உபாலி ஒப்புக்கொள்ள, வாதம் அங்கே சாய்ந்துவிடுகிறது. அழகான வாதம். ஆனால் எண்ணத்தை மட்டும் துலாக்கோலாக வைத்தால் என்ன நேரும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே சான்று இருக்கிறது. விசாக தினத்தையொட்டி மீன், ஆமை, பறவைகளைக் கடையில் வாங்கி நீர்நிலையிலோ காட்டிலோ விட்டுவிடுவது புண்ணியம் என்ற பழக்கம் நீண்ட காலமாக உண்டு. விடப்படும் பிராணிகளில் பல பழக்கமில்லாத இடத்தில் மடிகின்றன. பிழைப்பவை அங்கிருக்கும் உயிர்களுக்கு எமனாகின்றன. அதனால்தான் விசாக தினம் நெருங்கும்போதெல்லாம் விடாதீர்கள் என்று தேசியப் பூங்காக் கழகம் வேண்டுகோள் விடுக்கிறது, தொண்டூழியர்களை நீர்த்தேக்கங்களின் கரையில் நிறுத்துகிறது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ரேஸ் கோர்ஸ் சாலையில் சாக்கியமுனி புத்தகயா ஆலயம் இருக்கிறது; அங்கு விளக்கேற்றிவிட்டு ஆமையை விடப் போகும் பக்தரின் எண்ணத்தில் குறையே இல்லை. குழாயைத் திறந்து கொசுவை விடும் ஊழியருக்குக் கருணை பற்றிய நினைப்பே இல்லாமல் இருக்கலாம். இருந்தும் உயிர் பிழைப்பது இரண்டாமவர் செயலால்.

இங்கேதான் சமணரின் இன்னொரு சொல் உதவுகிறது. உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, உயிரைப் போக்குவது என்பதோடு நிறுத்தவில்லை. அசட்டையால் உயிரைப் போக்குவது என்கிறார். உபாலியின் கதையில் சமணரை ஒற்றைப் பரிமாணத்தில் காட்டிய பௌத்த நூல் இந்த நுணுக்கத்தை விட்டுவிட்டது என்றே நினைக்கிறேன். எதிர்த்தரப்பை எழுதும்போது எல்லாரும் செய்வதுதான். கவனம் என்பது எண்ணமும் அல்ல, விளைவும் அல்ல, தெரிந்துகொள்ளும் முயற்சி. என்ன செய்கிறோம், எதன்மேல் செய்கிறோம், வேறு வழி உண்டா என்று பார்த்துப் பார்த்துச் செய்வது. அந்த அளவுகோலை வைத்தால் புகையடிப்பு தோற்றுவிடும். கொசுமருந்துப் புகை ஏடிஸைத் தேடிப் போவதில்லை. அந்தப் புதரில் இருக்கும் தேனீ, வண்ணத்துப்பூச்சி, சிலந்தி எல்லாவற்றின் மேலும் படுகிறது. ஆண் கொசுவோ இணை சேரத் தன் இனத்துப் பெண்ணைத் தவிர வேறெதையும் தேடிப் போகாது. இறக்கையடிப்பின் ஓசையைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் அதன் தூவி போன்ற உணர்கொம்பு, எந்தப் பூச்சிமருந்துக்கும் வாய்க்காத குறிபார்க்கும் கருவி. கொலையின் வட்டம் ஓர் இனம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதை முன்னேற்றம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அந்தக் கவனமே இன்னொரு பக்கம் சாக்குகளையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது. தெரியாமல் மிதித்துவிட்டேன் என்று சொல்லும் வழி இனி இல்லை. ஒவ்வொரு தட்டிலும் எத்தனை புழு என்று இயந்திரம் எண்ணியிருக்கிறது. எது ஆண், எது பெண் என்று பார்த்துப் பிரித்திருக்கிறது. அறியாமல் நடந்த கொலை, அறிந்து செய்யும் கொலையாக மாறிவிட்டது. சமண உரைகள் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பிரிக்கும்: கொல்லவே வேண்டுமென்று கொல்வது, வீட்டுவேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்க வந்தவரை எதிர்க்கையில் நேர்வது. முதலாவதை மட்டும் இல்லறத்தார் அறவே விடவேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும். அங் மோ கியோ நிலையம் இதில் எங்கே சேரும்? நோய் பரப்ப வருவதை எதிர்ப்பதால் நான்காவது என்று சொல்லத் தோன்றும். சலிப்பில் ஒதுங்கும் அந்தப் பெண் கூட்டுப்புழு யாரையும் தாக்க வரவில்லை. அது நாமே முட்டையிலிருந்து வளர்த்தது; நம் தட்டில் பிறந்து நம் தட்டிலேயே முடிவது. அது தொழிலில் நேரும் இம்சை, மூன்றாவது வகை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. பிரித்துப் பார்த்தால் குறைக்கவேண்டியது எது என்பது தெரியும். ஆணையும் பெண்ணையும் கூட்டுப்புழுப் பருவம் வரை வளர்க்காமல், முட்டையிலேயே பிரிக்க ஒரு வழி கிடைத்தால் இந்த மூன்றாவது வகை பெருமளவு குறையும். செலவு மிச்சமாகும் என்பதோடு அறத்தின் பேராலும் அதை வேண்டிக் கேட்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். ஒரு குழந்தை ரத்தத் தட்டணுக்கள் சரிந்து தீவிர சிகிச்சையில் கிடக்கும்போது கூட்டுப்புழுவுக்கு வகைப்பாடு எழுதிக்கொண்டிருப்பது அறிவாளிகளின் பொழுதுபோக்கு இல்லையா? நியாயமான கோபம். எந்தச் சமய அறமும் அந்தக் குழந்தையையும் கொசுவையும் சரிசமமாக வைத்து வாக்களிக்கச் சொல்லவில்லை. திட்டத்தை நிறுத்தவேண்டும் என்பது என் முடிவாக இருந்தால் இந்தக் கோபம் என்மேல் சரியாக விழும். நான் சொல்வது, செய்; ஆனால் செய்ததைச் செய்ததாகச் சொல் என்பது. பெயரை மாற்றி வைத்தால் கொலை கண்ணிலிருந்து மறைகிறது; மறைந்தது குறையாது. வரலாற்றில் இனவிருத்தி அறிவியலின் மொழி மனிதர் பக்கம் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. வேண்டாத குணம் உள்ளவர்கள் பெற்றுக்கொள்ளக்கூடாது என்று சட்டம் போட்டுப் பல நாடுகள் ஆட்களை மலடாக்கின. அன்றும் யாரையும் கொல்லவில்லை, பிறக்காமல்தான் தடுக்கிறோம் என்ற நியாயமே சொல்லப்பட்டது. கொசுவிலிருந்து மனிதருக்கு வழுக்கிப் போய்விடுவோம் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; சிங்கப்பூரில் அப்படி நடக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. பிறக்காமல் செய்வதில் பொறுப்பே கிடையாது என்ற வாதத்தை எந்த உயிரின் விஷயத்திலும் பழக்கிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கணக்கு வைப்பது என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். மனுஸ்மிருதி சொன்ன பலவற்றை இன்று ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. ஆனால் அதன் மூன்றாம் அத்தியாயத்தில், தர்மசாத்திர மரபு முழுவதும் எடுத்தாண்ட ஒரு கருத்து இருக்கிறது: இல்லறத்தாரின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டு. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். சமைக்காமல், அரைக்காமல், பெருக்காமல், குத்தாமல், நீர் வைக்காமல் வீடு நடக்காது. நடந்தால் சிற்றுயிர்கள் சாகும். இதற்கு விடையாக வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை, இதெல்லாம் கொலையே இல்லை என்று சமாதானமும் சொல்லவில்லை. நாள்தோறும் ஐந்து வேள்வி செய்து கடனைத் தீர் என்றது. ஓதுவது, நீத்தாருக்குச் செய்வது, தேவருக்குச் செய்வது, விருந்தினருக்கு இடுவது, அவற்றோடு சிற்றுயிர்களுக்குச் சோறு வைப்பது. கொல்லும் கை, கொன்றதை அறிந்து, அதே உயிர்க் கூட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. தண்ணீர்க் குடத்தை அந்தப் பட்டியலில் சேர்த்தவர் ஏடிஸைக் கண்டவரல்ல. பழைய நூல்கள் கொசுவை முட்டையில் பிறப்பதாகக்கூடக் கருதவில்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகத் தோன்றும் வகையில் சேர்த்தன. உயிரியல் தவறாக இருந்தும் அற உணர்வு சரியான பாத்திரத்தின் மேல் போய் நின்றிருக்கிறது.

கடனை யார் தீர்ப்பது என்ற கேள்விக்கு நம் தமிழ் நூல் ஒன்றே வழி காட்டுகிறது. குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியில், தான் கொல்லவில்லை, பிறர் கொன்றதை உண்டேன், எனக்கென்ன பாவம் என்ற பௌத்தத் தரப்பை நீலகேசி விடாமல் மடக்குவாள். உண்பவர் இருப்பதால்தான் கொல்பவர் இருக்கிறார் என்பது அவள் வாதத்தின் சாரம். அதே தர்க்கத்தில், கடிபடாமல் தூங்கும் ஒவ்வொரு குடியிருப்பாளரும் அந்தத் தொழிற்கூடத்தின் பங்குதாரர். இயந்திரம் செய்தது, வாரியம் செய்தது என்று ஒதுங்க வழியில்லை. அரசாங்க நிலையத்தில் வேள்வி வளர்க்கச் சொல்கிறேனா என்று கேட்டால், இல்லை. மதச்சார்பற்ற நாட்டின் அமைப்புக்குச் சமயச் சடங்கு வேண்டியதில்லை. ஆனால் சிற்றுயிர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது என்ற அம்சத்தைச் சடங்கில்லாமலும் செய்யலாம். கொசு குறைந்த பேட்டையில் புகையடிப்பைக் குறைத்தால் அங்கே தேனீக்கு அது சோறு. இவ்வளவு பெண் கூட்டுப்புழுக்களை அழித்தோம் என்ற எண்ணிக்கையை, பறக்கவிட்ட ஆண்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அச்சிட்டால் அது கணக்கு வைத்தல். எந்தச் சமயத்தாரும், சமயமே இல்லாதவரும் அதை ஏற்கலாம்.

இன்னொரு மறுப்பையும் தொட்டுவிடவேண்டும். இந்த அறமெல்லாம் பழக்கத்தில் ஒன்றும் மாற்றாது, கொசுவுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு மறுநாள் அதையேதான் செய்யப்போகிறோம் என்பார்கள். அப்படியில்லை. ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டும். உலர்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம்தான். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் பூ வைத்த செம்பு, துளசிச் செடிக்கு அடியில் வைத்த தட்டு, கடை வாசலில் மாலைக்குத் தெளிக்க நிரப்பிய வாளி, எல்லாமே அந்த ஐந்தாவது கொலைக்களத்தின் வடிவங்கள். 1966இல் சிங்கப்பூரில் பார்வையிட்ட வீடுகளில் கிட்டத்தட்ட பாதியில் ஏடிஸ் இருந்தது. தேங்கிய நீரை ஒழித்ததாலேயே அது பின்னர் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அப்போது எந்தக் கொசு வளர்ப்பு இயந்திரமும் இல்லை. முட்டை இடுவதற்கு முன்பே தட்டைக் கவிழ்த்து உலர்த்துபவர் எந்த உயிரையும் போக்குவதில்லை; கரு இல்லை, புழு இல்லை, சலித்து ஒதுக்கப் பெண்ணும் இல்லை. புழு வந்தபின் கவிழ்ப்பவர் கொல்கிறார். இரண்டுக்கும் நடுவே சில நாள்தான் இடைவெளி. சோதனைக்கு வரும் அதிகாரியின் கைவிளக்குக்கும் அபராதத்துக்கும் பயந்து கவிழ்க்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எப்போது கவிழ்த்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். கொல்லாமைக்கு அப்படியல்ல. வோல்பாக்கியா ஆண்களைப் பறக்கவிடுவதை நிறுத்தினால் கொசு மறுபடி பெருகிவிடும் என்பதால் நிலையம் வாரம் தவறாமல் பெருக்கிக்கொண்டே, சலித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. எவ்வளவு பெருக்கவேண்டும் என்பதோ வெளியே எத்தனை பெண் கொசு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிக்கும் தட்டுகளும் செம்புகளும் வாளிகளும் தொழிற்கூடத்தில் இல்லை, சமையலறையிலும் பூஜையறையிலும் ஐந்தடிப் பாதையிலும் இருக்கின்றன.